65 மில்லிமீட்டர் எழுத்தைப் படிக்கும் கண்

இந்தியாவில் ஓடும் காரின் நம்பர் பிளேட்டில் ஒவ்வோர் எழுத்தும் 65 மில்லிமீட்டர் உயரமும், எழுத்தின் கோடு 10 மில்லிமீட்டர் தடிமனும் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். இருசக்கர வாகனத்தின் எழுத்து இன்னும் சிறியது. காரின் முன்னால் நடப்பதைப் பதிவுசெய்யும் டேஷ்கேம் வாங்க நினைப்பவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இந்த அளவைத்தான். இடித்துவிட்டு நிற்காமல் போகும் வண்டி வெள்ளையா சிவப்பா, காரா வேனா என்பதை மலிவான கேமராகூடக் காட்டிவிடும். அது யாருடைய வண்டி என்று சொல்ல அந்த எழுத்துகளால்தான் முடியும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. அவற்றில் 64,105 தமிழ்நாட்டில் நடந்தவை. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. யார் வந்த பக்கம் சரி, சிக்னல் அப்போது என்ன நிறம், யார் குறுக்கே திரும்பினார் என்ற கேள்விகள் விபத்துதோறும் எழுகின்றன. பதில் சொல்ல வேண்டியவர் சில நேரம் மயக்கத்தில் கிடக்கிறார்; சில நேரம் உயிரோடு இல்லை. அப்போது முன் கண்ணாடியில் ஒட்டிய சிறு கேமராதான் சாட்சி. அந்தச் சாட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்களைவிட, பள்ளியில் படித்த இயற்பியல் நமக்கு அதிகம் உதவும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஃபுல் எச்டி எனப்படும் 1080பி படத்தில் குறுக்குவாட்டில் 1,920 பிக்சல்கள். வழக்கமான டேஷ்கேம் லென்ஸ் இடமிருந்து வலமாக ஏறத்தாழ 120 பாகை அகலத்தைப் பார்க்கிறது. அப்படியானால் ஒரு பாகைக்கு 16 பிக்சல். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் காரின் 65 மில்லிமீட்டர் எழுத்து நம் கேமராவின் பார்வையில் 0.37 பாகைதான் அடைக்கிறது. அதாவது, முழு எழுத்துக்கும் கிடைப்பது 6 பிக்சல் உயரம். எழுத்தின் கோட்டுக்கு ஒரு பிக்சல்கூட முழுதாக இல்லை. ஆறு வரிசைப் புள்ளியில் பெரிய தேர்க்கோலம் போட முடியாது. அதுபோலத்தான் ஆறு பிக்சலில் 8 என்ற எண்ணையும் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தையும் நம்பகமாகப் பிரித்துக் காட்டுவது மென்பொருளுக்கும் கடினம். தூரம் 5 மீட்டராகக் குறைந்தால் 12 பிக்சல் கிடைக்கும், ஓரளவு படிக்கலாம். 4கே கேமராவில் குறுக்கே 3,840 பிக்சல்கள் என்பதால் இந்த எண்கள் இரட்டிப்பாகின்றன. பகல் வெளிச்சத்தில் ஃபுல் எச்டி 5 மீட்டரில் படிப்பதை 4கே 10 மீட்டரில் படித்துவிடும்.

170 பாகை என்று பெருமையாக அச்சிட்ட லென்ஸைக் கண்டு மயங்க வேண்டாம் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. பிக்சல்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. அவற்றை இன்னும் அகலமான காட்சியின் மேல் பரப்பினால் ஒவ்வோர் எழுத்துக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கும். மூலைக்கு மூலை 130 முதல் 140 பாகை போதும் என்பது என் தீர்ப்பு. பக்கத்துத் தெருவிலிருந்து பாய்ந்து வரும் ஆட்டோவையும் அது பிடிக்கும், முன்னால் போகும் வண்டியின் எண்ணையும் விட்டுவிடாது.

இதுவரை பேசியது பகல். இரவில் கணக்கே மாறிவிடுகிறது.

டேஷ்கேமுக்குள் இருக்கும் சிமாஸ் சென்சாரின் இன்றைய வடிவத்தை 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோஸமும் அவர் குழுவினரும் உருவாக்கினார்கள். விண்கலத்தில் ஏற்றுவதற்கு எடை குறைந்த, மின்சாரம் அதிகம் கேட்காத கேமரா அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஒளித்துகள்களை எலக்ட்ரான்களாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. எத்தனை சேர்ந்தன என்பதே அந்தப் புள்ளியின் வெளிச்சம். இரவில் ஒளித்துகள் குறைவு. பிக்சல் சிறியதானால் அதன் பங்கு இன்னும் குறைவு.

சோனி நிறுவனத்தின் இரண்டு சென்சார்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது கண்முன் தெரியும். டேஷ்கேம்களில் பரவலாக இருக்கும் ஐஎம்எக்ஸ் 307 என்ற 2 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 2.9 மைக்ரான். 4கே கேமராக்களில் வரும் ஐஎம்எக்ஸ் 415 சென்சாரில் 1.45 மைக்ரான். இரண்டு சில்லுகளும் அளவில் ஒன்றுதான். இரண்டாவதில் நான்கு மடங்கு பிக்சல்களை நெருக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பிக்சலுக்கும் கால் பங்கு ஒளியே கிடைக்கிறது. நான்கு பிக்சல்களின் அளவைக் கூட்டிக்கொள்ளலாமே என்றால், கூட்டலாம். ஆனால் ஒவ்வொரு பிக்சலும் தன் மின்னணு இரைச்சலையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அதனால்தான் சின்ன சில்லில் செய்த 4கே கேமரா பகலில் அற்புதமாகவும், தெருவிளக்கு மங்கிய சாலையில் மணல் தூவியது போன்ற படத்தோடும் நிற்கிறது. இதற்குத் தீர்வு சில்லைப் பெரிதாக்குவது. ஐஎம்எக்ஸ் 678 அப்படிப்பட்டது: அதே 4கே, ஆனால் பிக்சல் 2 மைக்ரான், அதாவது ஏறக்குறைய இரு மடங்கு பரப்பு. பெட்டியில் 4கே என்று மட்டும் போட்டு, சென்சாரின் பெயரைச் சொல்லாத கேமராவை நான் வாங்க மாட்டேன். 2 மெகாபிக்சல் சென்சார் எடுத்த படத்தை மென்பொருளால் இழுத்து விரித்து 4கே என்று விற்பதும் சந்தையில் நடக்கிறது. விரித்த படத்தில் புதிய தகவல் ஒன்றும் சேர்வதில்லை.

லென்ஸின் துளையும் பார்க்க வேண்டியது. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 2.4 லென்ஸைவிட 1.78 மடங்கு ஒளியை உள்ளே விடும். எண் சிறியதானால் துளை பெரிது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் இயற்பியல் ஒரு கோட்டைக் கிழித்து வைத்திருக்கிறது. ஒரு பைக் நமக்குக் குறுக்கே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று கொள்வோம். அது நொடிக்கு 11 மீட்டர். இருட்டில் ஒளி போதாமல் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் 30இல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் பைக் 37 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. பைக் எழுத்தின் கோடு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாதபோது 37 சென்டிமீட்டர் நகர்ந்தால், நம்பர் பிளேட் வெள்ளைத் தீற்றலாகத்தான் பதியும். எழுத்து கலையாமல் இருக்க ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகவே திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளே வரும் ஒளி முப்பது மடங்குக்கு மேல் குறைந்து படம் கறுத்துவிடும். நள்ளிரவில் குறுக்கே பாயும் வண்டியின் எண்ணைத் தெருவிளக்கில் படிக்கும் டேஷ்கேம் எந்த விலையிலும் இல்லை. இருப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

நமக்கு முன்னால் அதே வேகத்தில் போகும் வண்டியில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே நகர்வு இல்லை, ஒளிதான் மிஞ்சிப்போகிறது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் மேற்பரப்பு, ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும் தன்மை கொண்டது. நம் ஹெட்லைட் வெளிச்சம் அதில் பட்டு நேராக நம் கேமராவுக்கே திரும்புகிறது. சுற்றியுள்ள இருட்டுக்கு ஏற்பத் திறந்திருக்கும் கேமராவில் பிளேட் வெறும் வெள்ளைப் பலகையாக வெளிறிப்போகும். எச்டிஆர் வசதி பயன்படும் இடம் இது. குறைந்த நேரம் திறந்த படத்தையும் அதிக நேரம் திறந்த படத்தையும் இணைத்து, வெளிச்சமான இடத்தையும் இருட்டான இடத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. எதிரே ஹை பீம் போட்டு வரும் பேருந்துகள் நிறைந்த நம் நெடுஞ்சாலைகளில் நான் தெளிவுத்திறனைவிட எச்டிஆருக்கே முதலிடம் கொடுப்பேன்.

மனிதர் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. இடித்த வண்டியின் எண் உங்கள் கண்ணில் பட்டால் உடனே உரக்கச் சொல்லுங்கள். படத்தில் எழுத்து பதியாமல் போனாலும் மைக்கில் உங்கள் குரல் நேரத்தோடு பதியும். மைக்கை அணைத்து வைக்காமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

சிக்னல் விளக்கு விஷயத்தில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நமக்கு வீட்டிலும் வீதியிலும் வருவது 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். அதில் எரியும் எல்இடி விளக்குக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று மட்டமாக இருந்தால், விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னி அணையும். கண் அதை உணர்வதில்லை. வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி மட்டுமே திறக்கும் கேமரா, அணைந்த கணத்தில் மாட்டிக்கொண்டால் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை; சிக்னலே செத்துக் கிடப்பதாகப் பதிவாகும். கேமரா நொடிக்கு 25 படம் எடுத்தால் 100ஐ 25 மீதமின்றி வகுத்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு படமும் அதே அணைந்த கணத்தில் விழுந்து, பல நொடிகளுக்கு விளக்கு இருண்டே தெரியக்கூடும். நொடிக்கு 30 படம் என்றால் மீதி வருகிறது. கணம் படத்துக்குப் படம் நகர்ந்து, விளக்கு துடிப்பதுபோல் தெரியுமே தவிர மறைந்துபோகாது. ஜப்பானில் நாட்டின் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். இரண்டோடும் பொருந்திப்போகக் கூடாது என்பதற்காகவே அங்கு நொடிக்கு 27 படம் போன்ற விசித்திர எண்ணில் இயங்கும் டேஷ்கேம்களைச் செய்கிறார்கள். நமக்கு 30 நல்லது. சிவப்பா பச்சையா என்பதில்தான் பல வழக்குகள் நிற்கும் என்பதால் அமைப்புப் பட்டியலில் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பார்த்ததை நினைவில் வைப்பதற்கு வருவோம். 4கே காட்சியை அப்படியே சேமித்தால் நொடிக்கு ஏறத்தாழ 3,000 மெகாபிட் ஆகும். டேஷ்கேம் எழுதுவது சுமார் 30 மெகாபிட். நூறில் தொண்ணூற்றொன்பது பங்கைச் சுருக்க முறை களைந்துவிடுகிறது. முந்தைய படத்திலிருந்து மாறாத பகுதியை மறுபடி எழுதாமல் விடுவது அதன் முக்கிய உத்தி. ஓடும் காரிலிருந்து பார்த்தால் மரம், கடை, தார்ச்சாலை எல்லாமே நொடிக்கு நொடி மாறுகின்றன. சேமிக்க வழி குறைகிறது. அப்போது மென்பொருள் நுண்ணிய விவரங்களைத்தான் முதலில் தியாகம் செய்யும். நம்பர் பிளேட்டின் எழுத்து அத்தகைய நுண்விவரம். ஆகவே நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எச்.265 சுருக்க முறை, பழைய எச்.264 எடுக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதியில் அதே தரத்தைத் தரும். 30 மெகாபிட் வேகத்தில் 64 ஜிபி கார்டு நாலே முக்கால் மணி நேரத்தில் நிரம்பி, மிகப் பழைய கோப்பின் மேல் புதியது எழுதத் தொடங்கும்.

இந்த ஓயாத அழித்தெழுதலுக்குச் சாதாரண மெமரி கார்டு ஏற்றதல்ல. ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வோர் அறையும் எலக்ட்ரான்களை ஒரு காப்புச் சுவருக்குள் அடைத்து வைக்கிறது. எழுதி அழிக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் கொஞ்சம் தேய்கிறது. சூடு ஏறினால் அடைத்த எலக்ட்ரான்கள் வேகமாகக் கசியும். கடைகளில் ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று தனியாகவே கார்டுகள் கிடைக்கின்றன. கேமராவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு இங்கே சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பது பெரும் தவறு.

மோதலை உணரும் பாகம், தலைமுடியைவிட மெல்லிய விரல்கள் கொண்ட ஒரு சிலிக்கான் துண்டு. அதிர்ச்சியில் அது இம்மியளவு அசைந்தாலும் மின்தேக்குத் திறன் மாறும். அதை வைத்து அந்த நேரத்துக் கோப்பை அழியாதபடி கேமரா பூட்டிவிடுகிறது. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களையும் பள்ளங்களையும் அது விபத்து என்றே எண்ணும். பூட்டிய கோப்புகள் சேர்ந்து கார்டை அடைத்துவிட்டால், உண்மையான விபத்தைப் பதிய இடம் இருக்காது. உணர்திறனைக் குறைந்த அளவில் வையுங்கள்.

தமிழ்நாட்டு வாசகர் எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது வெப்பம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 38 பாகை செல்சியஸைத் தாண்டிய நாள்களில் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் உள்காற்று சராசரியாக 47 பாகையும், டேஷ்போர்டு 69 பாகையும் எட்டின. வேலூரிலும் திருத்தணியிலும் அக்னி நட்சத்திரக் காலத்தில் வெளியே 40 பாகைக்கு மேல் போவது புதிதல்ல. கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் கேமரா நேர் வெயிலைக் குடிக்கிறது. லித்தியம் பேட்டரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பதே பொது விதி. அந்த வெக்கையில் பேட்டரி உப்பும், உப்பினால் கேமராவின் உடலைப் பிளக்கும். மாற்று, சூப்பர் கெப்பாசிட்டர். வேதிவினையை நம்பாமல் மின்னூட்டத்தை மேற்பரப்பில் பிடித்துவைப்பதால் 65, 70 பாகைவரை தாங்கும். லட்சக்கணக்கான முறை நிரம்பிக் காலியாகும்.

சூப்பர் கெப்பாசிட்டரில் சில நொடிகளுக்கான மின்சாரமே இருக்கும். அந்தச் சில நொடிகள்தான் உயிர்நாடி. காணொளிக் கோப்பின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் கோப்பின் முடிவில்தான் எழுதுகின்றன. மோதலில் மின்கம்பி அறுந்து கேமரா சட்டென அணைந்தால், அட்டவணை இல்லாத கோப்பு திறக்காது. நமக்குத் தேவையான அந்த ஒரு நிமிடம் போய்விடும். கெப்பாசிட்டரில் மிஞ்சிய மின்சாரம் கோப்பை ஒழுங்காக மூடி வைக்கிறது. பேட்டரி உள்ள கேமராவை நம் ஊரில் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பார்க்கிங் கண்காணிப்பு கேட்பவர்கள் கார் பேட்டரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 5 வாட் கேமரா 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளுக்கு 10 ஆம்பியர் மணி. சிறிய பெட்ரோல் கார்களில் வரும் 35 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டே நாளில் பாதிக்குமேல் தீர்ந்து, மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட் ஆக மறுக்கும். மின்னழுத்தம் 12.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் தானாகத் துண்டிக்கும் இணைப்புக் கருவியோடுதான் பொருத்த வேண்டும். பொருத்துகிறவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: பக்கத் தூணுக்குள் ஏர்பேக் இருந்தால் கம்பி அதன் பின்னால் போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது. கேமராவின் இடம் உள்கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள். அந்தப் பரப்புக்கு வெளியே ஒட்டினால் ஐப்பசி மழையில் நீர்த்துளிகள்தான் பதிவாகும். டேஷ்போர்டில் வைத்த பிள்ளையாரும் வெள்ளைத் துணியும் சாய்ந்த கண்ணாடியில் பிரதிபலித்துக் காட்சியை மறைக்கும். போலரைசர் வடிகட்டி அதைக் குறைக்கும்; ஆனால் பாதிக்கு மேற்பட்ட ஒளியையும் விழுங்கிவிடும் என்பதால் இரவில் கழற்ற வேண்டும். டேஷ்போர்டை மினுமினுப்பற்ற கறுப்புத் துணியால் மூடுவது எளிது.

ஜிபிஎஸ் உள்ள கேமராவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதற்கு வானத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் 20 மீட்டர் அளவுள்ள விண்கல் நொடிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து வெடித்தது. உடைந்த கண்ணாடிகளால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதன் பாதையைக் கணக்கிட டேஷ்கேம் காட்சிகள் உதவின. ஆனால் கேமரா எங்கே நின்றது, எந்தத் திசையைப் பார்த்தது என்று தெரியாமல் காட்சியால் பயனில்லை. காட்சி பதிவான இடங்களைத் தேடிப்போய், இரவில் விண்மீன்களைப் படமெடுத்துத்தான் கோணங்களை அளந்தார்கள். ஜிபிஎஸ் இருந்தால் இடமும் நேரமும் வேகமும் காட்சியோடே வந்துவிடும். வேகம் பதிவானால் நமக்கே எதிராகத் திரும்புமே என்று அதை அணைத்து வைப்பவர்கள் உண்டு. தனக்கு வசதியானதை மட்டும் சொல்லும் சாட்சியை நாம் எதற்காக வாங்க வேண்டும்?

நீதிமன்றம் அந்தச் சாட்சியை ஏற்பதற்கும் அறிவியல் வழி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்வோர் அதன் ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. ஷா-256 போன்ற கணித முறை எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகள் கொண்ட ஹாஷ் மதிப்பாகச் சுருக்கித் தருகிறது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 குறிகளின் தொடர் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினாலே அது மறுபடி சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடுகிறது. எனவே விபத்து நேர்ந்தால், முதலில் காயம்பட்டவரைப் பாருங்கள். பிறகு கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றி, எதையும் வெட்டாமல் ஒட்டாமல் பத்திரப்படுத்துங்கள். அசல் அந்தக் கார்டுதான்.

உங்கள் காரில் ஏற்கெனவே டேஷ்கேம் இருந்தால் இன்றே கார்டை எடுத்துக் கணினியில் போடுங்கள். இரவில் பதிவான ஒரு கோப்பு கடைசிவரை ஓடுகிறதா, அதில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா, முன்னால் நின்ற காரின் எண்ணை உங்களால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.